விண்மீன்களைச் சூழ்ந்த தூசி

உலையினின்று எடுத்த இரும்பு செந்நிறமாய் ஒளிர்கின்றது. சற்றுப் பொழுது சென்றதும் கறுத்துவிடுகின்றது. எனினும் அதனருகே கையை நீட்டினால் வெம்மை உறைக்கின்றது. கண்ணுக்குப் புலனாகாமல் அவ்வெம்மையைக் கொணர்பவை அகச்சிவப்புக் கதிர்கள். ஒளிப்பட்டையின் சிவப்பு நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்து, 1800ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல். மிகக் குளிர்ந்த பொருள்களும் இக்கதிர்களை வீசுகின்றன.

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் கூடி, ஐராஸ் என்னும் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தின. அதிலிருந்த தொலைநோக்கி தன் வெப்பத்தாலேயே தான் காண வேண்டியதை மறைத்துவிடலாகாதன்றோ? ஆதலின், அதனைத் திரவ ஹீலியத்தால் கடுங்குளிரில் வைத்திருந்தனர். 25 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வேகா என்னும் விண்மீனை அளவுகோலாகக் கொண்டு கருவியைச் சரிபார்த்தபோது, எதிர்பார்த்ததினும் மிகுதியான கதிர்கள் அங்கிருந்து வந்தன. நம் நாட்டார் அபிஜித் என வழங்குவதும் இவ்விண்மீனையே. பிழை கருவியினிடத்து இல்லை. மிகுதியாய் வந்தவை, அவ்விண்மீனைச் சூழ்ந்து சுழலும் குளிர்ந்த தூசியின் கதிர்கள்! மறு ஆண்டே, பீட்டா பிக்டோரிஸ் என்னும் விண்மீனைச் சூழ்ந்த தூசித் தட்டினைச் சிலி நாட்டிலிருந்து படமெடுத்தனர்.

ஆனால், நுண்தூசி நெடுங்காலம் நிலைத்திராது. மிகச் சிறிய துகள்களை விண்மீனின் ஒளி புறத்தே தள்ளிவிடும்; சற்றுப் பெரியவை சுழன்று சுழன்று விண்மீனை நோக்கி வீழும். வேகாவின் அகவையோ பல கோடி ஆண்டுகள். எனவே, இன்று காணப்படுவது பிறந்த நாளில் எஞ்சிய தூசியாக இருத்தல் இயலாது. பாறைகளும் வால்மீன்களும் ஒன்றோடொன்று மோதி நொறுங்குவதால் அது இடையறாது புதிதாக உண்டாகின்றது.

இம்மோதல்கள் அறிஞரையும் மயக்குவதுண்டு. போமல்ஹாட் என்னும் விண்மீனின் தூசி வளையத்தருகே ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டு, அது கோள் என 2008இல் அறிவித்தனர். கோளாயின் வீச வேண்டிய அகச்சிவப்புக் கதிர்கள் அதனிடம் காணப்படவில்லை. நாளடைவில் அப்புள்ளி விரிந்து, மங்கி, மறைந்தே போயிற்று. இரு பெரும் பனிப்பொருள்கள் மோதிச் சிதறிய தூசி முகிலே அது என 2020இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, போமல்ஹாட்டைச் சுற்றி மூன்று வளையங்கள் இருப்பதை 2023இல் காட்டியது. வேகாவின் தட்டோ, பெருங்கோள் எதுவும் உழுத தடமின்றிச் சீராய்ப் பரந்திருந்ததாக 2024இல் அறிவித்தனர். தொலைவிலும் அகவையிலும் வெப்பத்திலும் ஒத்த இவ்விரு விண்மீன்களின் தூசி மட்டும் ஏன் இவ்வாறு வேறுபட வேண்டும் என்பதே இப்போது வானநூலார் முன்னுள்ள வினா.