வீடே வாத்தியார்!

சமையல் புத்தகத்தைப் பார்த்து ரசம் வைத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. புளி இவ்வளவு, மிளகு இவ்வளவு என்று அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ரசம் மட்டும் ரசமாக இராது! "நுரை கூடி வந்ததும் இறக்கிவிடு அம்மா, கொதிக்க விடாதே" என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொன்ன பிறகுதான் கை பழகும்.

பழைய கட்டிடங்களைப் பழுது பார்க்கும் வித்தையும் இந்த ஜாதிதான். கட்டிடக் கலை பயிலும் மாணவ மாணவிகளுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட முடியாது. ஆகவே அவர்களைக் கூட்டமாக அழைத்துப் போய் ஒரு பழைய வீட்டின் நடுவே விட்டுவிடுகிறார்கள். அங்கே வீடுதான் வாத்தியார்!

இத்தகைய வாத்தியார்கள் தெருவுக்குத் தெரு நிற்கும் சீமை நமது செட்டிநாடு. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வாணிபம் செய்த நகரத்தார், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் கட்டிய மாளிகைகள் அங்கே 70-க்கு மேற்பட்ட ஊர்களில் இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கற்கள் என்று ஒவ்வொரு வீடும் ஒரு பொருட்காட்சி! 2014-ல் இவ்வூர்களில் சில யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் ஏறின.

பெருமைதான். ஆனால் பட்டியலில் ஏறினால் மட்டும் கூரை ஒழுகாமல் இருந்துவிடுமா? ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர்; ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். "நீ பார்த்துக்கொள்" என்று அவர் சொல்ல, "நீ பார்த்துக்கொள்" என்று இவர் சொல்ல, யாரும் பார்க்காமலே அரசங்கன்று சுவரில் வேர் விட்டுவிடும். பிறகு ஒரு நாள் வீட்டைப் பிரிப்பார்கள். தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் மாணவர்கள் நுழைவதாக ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். முகப்பைத் தாண்டி வளவுக்கு வந்ததும், ஒரு பெண் டேப்பை நீட்டுகிறாள். பத்தே நிமிஷத்தில் அறையின் நீளம், அகலம் எல்லாம் எழுதியாகிவிட்டது. "முடிந்தது, ஆச்சி!" என்கிறாள்.

வீட்டுக்கார ஆச்சி சிரிக்கிறாள். "ஏன் ஆத்தா, அதுக்குள்ளேயா? நான் 50 வருஷமாப் பார்க்கிறேன், எனக்கே இன்னும் முடியலையே!"

ஆச்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. நீளமும் அகலமும் சரியாக இருந்தும், அறை கோணலாக இருக்கலாம். அதனால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் அறை சதுரம் சுத்தம். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக் குண்டு சொல்லும். தரை சமமா என்று தண்ணீர் நிரம்பிய ரப்பர் குழாய் சொல்லும். இன்று ஒளிக்கதிரால் நொடியில் அளக்கும் கருவி வந்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் கையால் அளந்து வரைகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: சுவரின் ஒவ்வொரு முழத்தையும் கண் பார்த்துவிடுகிறது!

இப்படி அளந்து ஆவணப்படுத்தும் வேலைக்கென்றே, இந்தியக் கட்டிடக் கலை மாணவர் சங்கத்தில் லூயி கான் பெயரால் ஒரு கோப்பைப் போட்டி உண்டு. ஆமதாபாத்தின் நிர்வாகக் கல்விக் கழகக் கட்டிடங்களை வடிவமைத்த அமெரிக்கர் அவர்.

அடுத்த பாடம் வைத்தியம். சுவரில் விரிசல் கண்டால் உடனே பூசிவிடலாகாது. அது பழைய காயமா, இன்னும் வளர்கிற காயமா? விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதியையும் எழுதி வைக்கிறார்கள். சில மாதங்களுக்குப் பின் கண்ணாடி உடைந்திருந்தால், சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்போது மருந்து சுவருக்கு அல்ல; அஸ்திவாரத்துக்கோ, அடைபட்ட மழைநீர்த் தாரைக்கோதான்!

மூன்றாவது பாடம்தான் முக்கியமானது. அடிச்சுவரில் உப்புப் பூத்து, காரை உதிர்கிறது. நாம் என்ன செய்வோம்? "நல்ல சிமெண்ட்டாகப் பூசுங்கள்" என்போம். அங்கேதான் வினை. செங்கல்லும் சுண்ணாம்புமாய்க் கட்டிய சுவர் பூமியின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சின் வழியே அதை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட்டைப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது உள்ளேயே தங்கி, உப்பைச் சேர்த்து, செங்கல்லையே அரித்துவிடுகிறது. அன்போடு செய்த ரிப்பேர்தான் வீட்டுக்கு யமன்!

ஆகவே மாணவர்கள் வயதான கொத்தனாரிடம் போய் உட்காருகிறார்கள். அவர் கையில் டிகிரி இல்லை, கரண்டி இருக்கிறது. கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ சூளையில் வேகும்போது கரியமில வாயுவை இழக்கிறது. நீற்றிக் குழைத்துப் பூசிய பின், அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. இந்த ரசாயனம் மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை எவ்வளவு விடுவது, முட்டை வெள்ளைக் கருவைச் சேர்த்த கடைசிப் பூச்சை எப்போது தேய்த்துப் பளபளப்பாக்குவது என்பதெல்லாம் கொத்தனாருக்குத்தான் தெரியும்.

"இப்போ தேய்க்கலாமா, ஐயா?"

"பொறு பாப்பா. விரலை வச்சுப் பாரு. ஒட்டக் கூடாது, ஆனா குளிர்ச்சி இருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பரீட்சைத் தாளில் எழுதுவது? அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால், இந்த விரல் நுனி ஞானம் அவரோடு போய்விடும். வீடு இடிந்தால் படமாவது மிஞ்சும். கை வித்தை போனால் அதுவும் மிஞ்சாது. மாணவர்களைக் களத்துக்கு அனுப்புவதன் உண்மையான அவசரம் இதுதான்.

கடைசிப் பாடம் அடக்கம். 1964-ல் வெனிஸ் நகரில் கூடிய நிபுணர்கள் பழைய சின்னங்களைப் பாதுகாக்க ஒரு சாசனம் வகுத்தார்கள். ஊகம் எங்கே தொடங்குகிறதோ, அங்கே புதுப்பிக்கும் வேலை நின்றுவிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. "இங்கே ஒரு மயில் இருந்திருக்கலாம்" என்று தோன்றினால் மயிலைச் செதுக்கிவிடக் கூடாது! இருப்பதைக் காப்பாற்று, இல்லாததைக் கற்பனை செய்யாதே. புதிதாகப் படைக்கத் துடிக்கும் இளம் வயதில், இது சுலபமான பாடமா, சொல்லுங்கள்!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? உங்கள் பாட்டி வீடு மாளிகையாக இல்லாவிட்டாலும், சுண்ணாம்புச் சுவரும் நாட்டு ஓடுமாய் எங்காவது நின்று கொண்டிருக்கலாம். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, மழைக்கு முன் தாரையில் அடைந்த சருகை எடுத்துவிடுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை விரலளவில் இருக்கும்போதே நீக்குங்கள். சிமெண்ட் மூட்டை வாங்குவதற்கு முன், ஊரில் பழைய கொத்தனார் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

இருந்தால், ஒரு வாய் காபி கொடுத்து உட்கார வைத்து, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பள்ளிக்கூடம் ஆரம்பமாகிவிட்டது!