அயலகத்தில் வாழும் குடும்பமும் பன்னாட்டு உயர்நிலைப் பள்ளியும்

கடல் கடந்து பொருளீட்டச் செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து இலங்கை, பர்மா, மலாயா என்று மரக்கலமேறிச் சென்றோர் பலர். அவர்களைச் 'சபராளிகள்' என்று அழைப்பது அவ்வூர்களின் வழக்கு. அக்காலச் சபராளி மனைவி மக்களை ஊரில் இருத்திவிட்டுத் தனியே சென்றார்; பிள்ளைகளின் படிப்பு ஊர்ப் பள்ளியிலேயே நடந்தது. இன்றோ நிலை வேறு. துபாய், அபுதாபி, தோஹா, குவைத் முதலிய நகரங்களில் நம்மவர் பலர் குடும்பத்தோடு வாழ்கின்றனர். எனவே, முன்னோர் எதிர்கொள்ளாத புதியதொரு பொறுப்பு இவர்கள்மேல் விழுந்திருக்கிறது. பிள்ளையை எந்தப் பள்ளியில், எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது என்பதே அது.

தொடக்கப் பள்ளியைத் தேர்வதில் நேரும் பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்காண்டுகளில் நேரும் பிழையோ எளிதில் திருந்துவதில்லை. ஆகவே, அந்த நான்காண்டுகளை மட்டும் கருத்திற்கொண்டு, துபாய் நகரை எடுத்துக்காட்டாக வைத்து, பன்னாட்டுப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பொருளும்

'பன்னாட்டுப் பள்ளி' என்னும் கருத்து தோன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் ஜெனீவா நகரில் நாடுகளின் சங்கமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் நிறுவப்பட்டன. அவற்றில் பணிபுரியப் பல நாட்டினர் குடும்பத்தோடு வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுக்காக 1924ஆம் ஆண்டில் ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று ஒரு நாட்டிலும் நாளை மற்றொரு நாட்டிலும் வாழ நேரும் மாணவனுக்கு எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கத்தக்க சான்றிதழ் ஒன்று வேண்டும் என்ற தேவையும் அத்தகைய சூழலிலேயே உணரப்பட்டது. அதன் விளைவாக 1968ஆம் ஆண்டில் 'இன்டர்நேஷனல் பக்கலாரியேட்' எனப்படும் ஐ.பி. அமைப்பு உருவாயிற்று.

ஆயினும், ஒரு செய்தியைப் பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டும். 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லைப் பல நாடுகளில் எந்தப் பள்ளியும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை தரத்துக்குச் சான்றாகாது. அப்பள்ளி எந்த வாரியத்தின் தேர்வுக்கு மாணவரை அனுப்புகிறது, அவ்வாரியத்தின் அங்கீகாரத்தை உண்மையிலேயே பெற்றிருக்கிறதா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். ஐ.பி., கேம்பிரிட்ஜ், இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) ஆகிய மூன்றும் தத்தம் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலை வெளியிடுகின்றன. 'அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்று சொல்லும் பள்ளியும் அங்கீகாரம் பெற்றுவிட்ட பள்ளியும் ஒன்றல்ல.

நால்வகைப் பாதைகள்

துபாயில் பற்பல பாடத்திட்டங்கள் வழங்கப்படினும், நம்மவர் தேர்வுக்கு வருவன பெரும்பாலும் நான்கே.

முதலாவது, சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பொதுத்தேர்வு. ஆண்டுத் தொடக்கம் ஏப்ரல் மாதம். கட்டணம் ஒப்பளவில் குறைவு. இந்தியக் கல்லூரிகளில் சேர இதுவே நேரான பாதை.

இரண்டாவது, பிரித்தானியப் பாடத்திட்டம். பதினாறு வயதளவில் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு, அதன்பின் ஈராண்டுகள் மூன்று அல்லது நான்கு பாடங்களை மட்டும் ஆழ்ந்து பயிலும் 'ஏ லெவல்'. இங்கு ஒரு குழப்பம் நேர்வதுண்டு. பிரித்தானியப் பள்ளிகளில் 'இயர் 10' என்பது நம் ஒன்பதாம் வகுப்புக்கு நிகர். 'இயர் 13' என்பதே நம் பன்னிரண்டாம் வகுப்பு. எண்ணைக் கண்டு பிள்ளை ஓராண்டு முன்னேறிவிட்டதாகக் கருதலாகாது.

மூன்றாவது, ஐ.பி. டிப்ளமா. இதுவும் இறுதி ஈராண்டுகளுக்கு உரியது. ஆறு பாடங்கள், அவற்றோடு அறிவுக் கோட்பாடு, 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரை, கலை-உடற்பயிற்சி-தொண்டு ஆகியவற்றை உள்ளடக்கிய செயற்பாடு என்னும் மூன்று கூறுகள். உச்ச மதிப்பு 45 புள்ளிகள்; டிப்ளமா பெறக் குறைந்தது 24 புள்ளிகள் தேவை. எழுத்தாற்றலும் நேரத்தைத் திட்டமிடும் திறனும் உடைய மாணவர்க்கு இது பெருவாய்ப்பு. அவை வாய்க்காதவர்க்குப் பெருஞ்சுமை.

நான்காவது, அமெரிக்கப் பாடத்திட்டம். இதில் நாடு தழுவிய ஒரே பொதுத்தேர்வு இல்லை. பள்ளியே மதிப்பெண் அளித்துப் பட்டயம் வழங்குகிறது. எனவே, அப்பள்ளிக்குத் தக்க தரச்சான்று அமைப்பின் ஏற்பு இருத்தல் இன்றியமையாதது. ஏ.பி. என்னும் உயர்நிலைப் பாடங்களை அப்பள்ளி நடத்துகிறதா என்பதையும் பார்த்தல் நலம்.

இந்நான்கனுள் எது உயர்ந்தது என்று வினவுதல் பொருத்தமன்று. பிள்ளை எங்குச் செல்லப்போகிறது என்று வினவுதலே பொருத்தம்.

நுழைவாயிலும் வெளிவாயிலும்

பெற்றோர் பலர் பள்ளியைப் பார்வையிடும்போது கட்டடம், நீச்சற்குளம், ஆய்வுக்கூடம், ஆங்கில உச்சரிப்பு ஆகியவற்றைக் காண்கின்றனர். இவை யாவும் நுழைவாயிலின் காட்சிகள். உயர்நிலைப் பள்ளியைத் தேர்வோர் காண வேண்டியது அதன் வெளிவாயிலை. அங்கிருந்து வெளிவரும் மாணவன் எந்தக் கல்லூரிக்குள் நுழைய இயலும் என்பதைக் கண்டறிந்து, அவ்விடத்திலிருந்து பின்னோக்கி நடந்துவந்து பள்ளியைத் தேர்தல் வேண்டும். இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

மருத்துவராக விரும்பும் மாணவி ஒருத்தி ஏ லெவலில் வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய மூன்றையும் எடுக்கிறாள் என்று கொள்வோம். பிரித்தானியாவின் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு இத்தொகுதி போதுமானது. ஆனால், இந்தியாவில் மருத்துவம் பயில 'நீட்' தேர்வு கட்டாயம். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தோடு மேல்நிலையில் பயின்றிருத்தல் வேண்டும். மேலைநாட்டுக் கல்விச் செலவைத் தாங்க இயலாமல் குடும்பம் இந்தியாவை நாடும்போது, இயற்பியல் பயிலாத ஒரே காரணத்தால் அம்மாணவிக்குக் கதவு அடைபட்டுவிடும். அறிவிலும் உழைப்பிலும் அவள் குறைந்தவள் அல்லள். பதினாறு வயதில் பாடத்தைத் தேர்ந்த நாளில் வெளிவாயிலை எவரும் நோக்கவில்லை.

ஐ.பி. டிப்ளமாவிலும் இதையொத்த சிக்கல் உண்டு. ஆறு பாடங்களும் மொழி, இலக்கியம், சமூகவியல், அறிவியல், கணிதம், கலை எனப் பல துறைகளில் பரந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறி. கலைப் பாடத்துக்கு மாற்றாக இன்னோர் அறிவியலை எடுக்கலாம் என்பதால் இரண்டு அறிவியல்கள் எளிதில் அமையும். மூன்றாவது அறிவியலுக்கு, பல்கலைக்கழகத்தின் தேவையைச் சான்றுடன் காட்டித் தனி இசைவு பெற வேண்டும். பொறியியலை நாடுவோர்க்கு இயற்பியல், வேதியியல், கணிதம் என்ற தொகுதி தடையின்றி அமைந்துவிடும். மருத்துவத்தை நாடுவோரே முன்கூட்டி விழித்திருக்க வேண்டும்.

காலக்கணக்கும் கருதத்தக்கது. சி.பி.எஸ்.இ. முடிவுகள் வழக்கமாக மே மாதத்தில் வெளியாகின்றன. ஐ.பி. மே மாதத் தேர்வின் முடிவுகள் ஜூலை முதல் வாரத்திலும், ஏ லெவல் முடிவுகள் ஆகஸ்ட் நடுவிலும் வருகின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான விண்ணப்பம் இவற்றுக்கு முன்னரே நிறைவுறுவது வழக்கம். மேலும், எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளை வெளியே பயின்ற தமிழ்நாட்டு மாணவர் பிறப்பிடச் சான்றிதழ் அளிக்க வேண்டும். அயல்நாட்டு வாரியத்தில் பயின்றோர்க்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கும் இணைச்சான்றும் தேவைப்படும். சேர்க்கை நாளன்று இவற்றைத் தேடி அலைவது வீண் துயரம்.

இடைவழியில் ஊர் திரும்பினால்

வளைகுடா வாழ்வின் இயல்பு ஒன்றை மறத்தலாகாது. அங்குப் பெரும்பாலோர்க்கு வேலை உள்ளவரைதான் விசா. 1990ஆம் ஆண்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் தாயகம் திரும்ப நேர்ந்தது. 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றில் வேலையிழந்து குடும்பத்தோடு திரும்பியோர் பலர். இத்தகைய பேரிடர் இல்லாத காலத்திலும் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தால் சில திங்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அந்நிலையில் ஏழாம் வகுப்பு மாணவனை எந்தப் பள்ளியிலும் சேர்த்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பில் பாதி கடந்தவனை அவ்வாறு சேர்க்க இயலாது. சி.பி.எஸ்.இ.யின் 9-10, 11-12 வகுப்புகளும், ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல், ஐ.பி. டிப்ளமா ஆகியனவும் ஈராண்டுத் தொகுதிகள். இரண்டாம் ஆண்டில் வாரியம் விட்டு வாரியம் மாறுதல் மிக அரிது. பெரும்பாலும் ஓராண்டு வீணாகும். ஆகவே, வாரியம் மாறுவதாயின் பத்தாம் வகுப்பின் முடிவே தக்க காலம். வேலை நிலையற்றதாயின், தமிழ்நாட்டின் பெருநகரங்களிலும் கிடைக்கும் பாடத்திட்டத்தைத் தேர்தல் அறிவுடைமை. ஐ.பி., கேம்பிரிட்ஜ் பள்ளிகள் சென்னை போன்ற நகரங்களில் உண்டு, சிற்றூர்களில் அரிது. ஊர் திரும்பும் குடும்பம் எவ்வூருக்குத் திரும்பும் என்பதும் இங்கு ஒரு கேள்வியே.

தரமும் கட்டணமும்

துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் அறிவு மற்றும் மனிதவள மேம்பாட்டு ஆணையம் (கே.எச்.டி.ஏ.) 2006ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் ஆய்வறிக்கைகள் பள்ளிகளை 'மிகச் சிறப்பு' முதல் 'மிக நலிவு' வரை ஆறு படிகளில் வகுத்துப் பொதுமக்களுக்கு வழங்குகின்றன. அபுதாபியில் இப்பணியைச் செய்யும் ஆய்வு 'இர்திகா' எனப்படும். அறிக்கையின் முதற்பக்கத் தரத்தோடு நின்றுவிடாமல், உயர்நிலை வகுப்புகளைப் பற்றிய பகுதியைத் தனியே படித்தல் வேண்டும். தொடக்க வகுப்புகளில் சிறந்த பள்ளி மேல் வகுப்புகளிலும் சிறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2024-25 கல்வியாண்டில் பெரும்பாலான பள்ளிகளில் முழு ஆய்வு நடைபெறாமையால், கையிலுள்ள அறிக்கை எவ்வாண்டினது என்பதையும் நோக்குக.

கட்டணமோ பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆண்டுக்கு 10,000 திர்ஹமுக்கும் குறைவாகப் பெறும் பள்ளிகளும் துபாயில் உண்டு. 1,00,000 திர்ஹமுக்கு மேல் பெறுவனவும் உண்டு. வகுப்பு உயர உயரக் கட்டணமும் உயரும். பேருந்து, சீருடை, நூல்கள், தேர்வுக் கட்டணம் ஆகியவை தனி. ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்க்காமல், நான்காண்டுகளின் மொத்தத் தொகையையும், தம்பி தங்கையரின் செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். நிறுவனம் கல்விப்படி வழங்கினால், அது எத்தனை பிள்ளைகளுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுத்து வடிவில் பெறுதல் நலம். பள்ளிக் கட்டணத்திலேயே சேமிப்பு முழுவதும் கரைந்தால், பின்வரும் கல்லூரிக் கல்விக்கு எஞ்சுவது யாது?

மொழியும் பண்பாடும்

அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் அரபியரல்லாத மாணவரும் ஒன்பதாம் வகுப்பு வரை அரபு மொழி பயில வேண்டும். முஸ்லிம் மாணவர்க்கு இஸ்லாமியக் கல்வி பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டாயம். எனவே, மார்க்கக் கல்வி முற்றும் விடுபட்டுவிடுமோ என்ற கவலைக்கு அங்கு இடமில்லை. விடுபடக்கூடியது தமிழே. பல பள்ளிகளில் இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ அமைகிறது. சி.பி.எஸ்.இ. பாடப்பட்டியலில் தமிழ் உண்டு. ஆனால், அதைக் கற்பிக்க ஆசிரியரை அமர்த்துவது அந்தந்தப் பள்ளியின் விருப்பம். ஐ.பி.யில், பள்ளியில் ஆசிரியரில்லாத தாய்மொழி இலக்கியத்தை மாணவர் வழிகாட்டலுடன் தாமே பயிலும் முறை ஒன்று உண்டு. 'தமிழ் கிடைக்குமா?' என்று கேட்கும் பெற்றோர் பலராயின் பள்ளியும் எண்ணிப் பார்க்கும். எவரும் கேளாவிடின் அப்பாடம் பட்டியலில் மட்டுமே இருக்கும். பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளை எந்த வாரியத்தில் எத்தனை புள்ளி பெற்றாலும் குடும்பத்துக்கு அது இழப்பே.

முடிவாக

பள்ளி முதல்வரைக் காணச் செல்லும் பெற்றோர் சில வினாக்களை எழுதிக்கொண்டு செல்லலாம். கடந்த மூன்றாண்டுகளில் இங்குப் பயின்றோர் எந்தெந்தக் கல்லூரிகளில் சேர்ந்தனர்? அவர்களுள் இந்தியா சென்றோர் எத்தனைபேர்? என் பிள்ளை விரும்பும் பாடத்தொகுதி இங்கு உண்மையிலேயே நடத்தப்படுகிறதா? மேல் வகுப்பு ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாகப் பணியில் உள்ளனர்? ஆண்டின் இடையில் விலக நேர்ந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? இவ்வினாக்களுக்குத் தெளிவாக விடையளிக்கும் பள்ளி, கட்டடம் எளியதாயினும் நம்பத்தக்கது.

இவ்வுரையாடலில் பிள்ளையும் உடனிருத்தல் வேண்டும். நான்காண்டுகள் அப்பள்ளியில் அமர்ந்து பயிலப்போவது அப்பிள்ளையே. விடுமுறையில் ஊர் வரும் குடும்பங்கள், இந்நாட்டுக் கல்லூரிகளின் நடைமுறையை அறிந்த பேராசிரியர்களை நாடி ஆலோசித்தல் பெரும்பயன் தரும். நம் கல்லூரிகளும் அவ்வழிகாட்டலை ஒரு கடமையாக ஏற்கலாம். தந்தை கடல் கடந்து ஈட்டும் செல்வத்துள் பிள்ளையின் கல்வியே நிலைப்பது. அக்கல்வி எவ்வாயில் வழியே வெளிவந்து எங்குச் செல்லும் என்பதை எண்ணித் துணிதல் பெற்றோர் கடன்.