சுண்டு விரல் இறாலின் துப்பாக்கி

சமுத்திரத்தின் அடியில் என்றும் மௌனம் குடிகொண்டிருக்கிறது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது (1939-45) பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காகத் தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டவர்கள் அப்படி எண்ணவில்லை. உஷ்ணக் கடல்களின் கரையோரங்களில், காய்ந்த சுள்ளிகள் தீப்பற்றி வெடிப்பது போன்ற சடசடப்பு இரவும் பகலும் ஓயாமல் கேட்டது. அந்தச் சத்தத்தில் நீர்மூழ்கியின் இரைச்சல் அமுங்கிப்போனால், கப்பலில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து அல்லவா?

சத்தம் செய்வது யார் என்று அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் யுத்த ஆராய்ச்சிப் பிரிவினர் விசாரித்தனர். அவர்களுள் மார்ட்டின் ஜான்சன் என்பவர் கடல் ஜந்துக்களை நன்கு அறிந்தவர். சுமார் 55 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில், பாறையும் பவளமும் சிப்பியும் நிறைந்த தரையில்தான் சத்தம் மிகுதி என்று தெரியவந்தது. அத்தகைய இடங்களில் பொந்துகளில் ஒளிந்து வாழும் சின்னஞ்சிறு இறால் ஒன்றே குற்றவாளி! அதைப் பற்றிய விவரங்களோ, ஜாடிகளில் ஊறிய இறால்களின் கால்களைப் பொறுமையுடன் எண்ணிக்கொண்டிருந்த பண்டிதர்களின் நூல்களில் முன்னமேயே இருந்தன.

இந்த இறால்களின் குடும்பத்துக்கு ஆல்பியிடே என்று பெயர். 1815-ம் ஆண்டில் ரஃபினெஸ்க் என்பவர் அதை வகுத்தார். 1899-ம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கூட்டியேர் அதன் அங்க அமைப்பைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். நமது இலட்சத் தீவுகளிலும் மாலத் தீவுகளிலும் கார்டினர் குழுவினர் சேகரித்த இறால்களையும் பிற்பாடு அவரே பரிசோதித்தார். இன்று இக் குடும்பத்தில் 600-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நம் சுண்டு விரலைவிடப் பெரியவை அல்ல.

நண்டைப் போலவே இவையும் பத்துக் கால் ஜந்துக்கள். ஆனால் மீன் கடையில் நாம் காணும் வெள்ளை இறாலுக்கும் இவற்றுக்கும் உறவு சற்றுத் தூரம். வெள்ளை இறாலுக்கு முதல் மூன்று ஜோடிக் கால்களிலும் இடுக்கிகள் உண்டு. இவற்றுக்கு முதல் இரண்டு ஜோடிகளில் மாத்திரமே. வெள்ளை இறால் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடும். இவையோ வயிற்றின் அடியில் சுமந்து காக்கும். இக் குடும்பத்துக்கே உரிய அடையாளங்கள் வேறு சிலவும் உண்டு. இரண்டாம் ஜோடிக் காலின் மணிக்கட்டு பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். தலையின் ஓடு முன்புறம் நீண்டு, பெரும்பாலான இனங்களில் கண்களை முக்காடு போல மூடியிருக்கும்.

இனித் துப்பாக்கியைப் பார்ப்போம். முதல் ஜோடிக் கைகளில் ஒன்று சிறியது. மற்றது உடல் நீளத்தில் பாதி வரைகூட வளர்ந்திருக்கும். பெரிய கையின் அசையும் விரலில் ஒரு முளையும், அசையா விரலில் அதற்கேற்ற குழியும் இருக்கின்றன. விரல் திறந்து நின்று, படீரென்று மூடும்போது முளை குழிக்குள் பாய்கிறது. அங்கிருந்த தண்ணீர் விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் பீறிடுகிறது. அந்த வேகத்தில் அழுத்தம் குறைந்து ஒரு குமிழி தோன்றி, உடனே நொறுங்குகிறது. விரல்கள் மோதுவதாலேயே ஓசை உண்டாகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. குமிழி நொறுங்குவதே ஓசைக்குக் காரணம் என்று 2000-ம் ஆண்டில் நிரூபித்தார்கள். அப்போது கண்ணுக்குப் புலப்படாத ஒளியும் தோன்றுவது மறு ஆண்டில் தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் சிறு இரைகள் மயங்கி விழுகின்றன.

பெரிய கை அறுந்துபோனால் என்ன செய்யும்? சிறிய கையே துப்பாக்கியாக வளர்ந்துவிடும். அறுந்த இடத்தில் சிறிய கை முளைக்கும்! 1901-ம் ஆண்டிலேயே பிரிஸிப்ராம் என்பவர் இதை எழுதியிருக்கிறார்.

ஒரு சந்தேகம் எழலாம். கணந்தோறும் தன் முகத்தருகே வெடி வெடிக்கும் இந்த ஜந்து தானே மயங்கி விழாதது எப்படி? விடை 2022-ம் ஆண்டில் கிடைத்தது. கண்ணை மூடிய முக்காட்டை நீக்கிவிட்டால், வெடியின் அதிர்ச்சியில் இறால் தடுமாறித் தன் பொந்துக்குத் திரும்பவும் திண்டாடுகிறது. முக்காடு இருந்தால் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. வெடி வீரனுக்கு அதுவே தலைக்கவசம்.

குடும்பத்தைப் பிரித்தறிவதற்காகப் பண்டிதர்கள் குறித்து வைத்த ஓர் அற்ப அடையாளத்தின் உட்பொருள் விளங்க நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. இறாலின் கால்களை எண்ணுவதால் யாருக்கு என்ன பயன் என்று அவர்களைப் பார்த்து உலகம் நகைத்திருக்கலாம். ஆனால் யுத்த காலத்தில் கடலின் சத்தத்துக்குக் காரணம் தேடியபோது கைகொடுத்தது அவர்களுடைய அந்தப் பொறுமைதான். பயன் எது, பயனற்றது எது என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் அவசரம் நமக்கு வேண்டாம்.