காவிரிப் படுகையில் பேரிடர்க்காலத் தொடர்பு: மறுபரப்பிக் கட்டுப்படுத்தி வழியே சிற்றலை வானொலியைத் தொலைவிலிருந்து இயக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

புயலில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் ஒருசேரச் செயலிழக்கும்போது காவிரிப் படுகையின் ஊர்கள் வெளியுலகத் தொடர்பை இழக்கின்றன. கையடக்க வானொலிக் கருவியைக் கொண்டு, தொலைவிலுள்ள சிற்றலை நிலையத்தை மறுபரப்பிக் கட்டுப்படுத்தி வழியாக இயக்கும் முறை இந்நிலைக்கு ஒரு விடையாக அமையக்கூடும். அம்முறையின் செயல்பாட்டையும், படுகையின் நிலவியல்புக்கு அது பொருந்தும் விதத்தையும், அதன் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிற்றலை, மறுபரப்பி, அமெச்சூர் வானொலி, தொலைக்கட்டுப்பாடு, கஜா புயல், காவிரிப் படுகை.

முன்னுரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் அழிந்தன. மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கைப்பேசிக் கோபுரமும் மின்சாரத்தை நம்பியே இயங்குவதாகும். சேமக்கலமும் டீசலும் தீர்ந்தபின் கோபுரம் நின்றிருந்தும் பயனில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலம் சம்பா பயிர் வயலில் நிற்கும் காலமும் ஆகும். கொள்ளிடத்திலோ வெண்ணாற்றிலோ கரை உடைந்த செய்தி ஒருநாள் தாமதித்துச் சென்றால், உயிருக்கும் விளைச்சலுக்கும் நேரும் இழப்பு பன்மடங்காகும்.

இத்தகைய சூழலில் அமெச்சூர் வானொலியின் பங்கு உலகளவில் ஏற்கப்பட்டுள்ளது. பன்னாட்டு வானொலி ஒழுங்குமுறைகளின் 25ஆம் பிரிவு, பேரிடர்த் துயர்துடைப்புத் தொடர்புக்கு அமெச்சூர் நிலையங்கள் ஆயத்தமாக இருக்க வழிசெய்யுமாறு அரசுகளை ஊக்குவிக்கிறது. இந்தியாவில் இச்சேவை 1978ஆம் ஆண்டு விதிகளின்கீழ் உரிமம் பெற்று நடைபெறுகிறது.

1. சமநிலமும் அலையின் எல்லையும்

கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் பட்டையில் இயங்குகின்றன. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் நிலத்தின் வளைவு அவற்றுக்கு எல்லை வகுக்கிறது. அலைக்கம்பியின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானத்தின் தொலைவு கி.மீ. அளவில் கிடைக்கும். ஆள் கையில் ஏந்தும் கருவிக்கு இது ஏறத்தாழ 5 கி.மீ. மட்டுமே. இக்குறையைப் போக்குவதே ரிப்பீட்டர் என்று வழங்கப்படும் மறுபரப்பி. அது உயரமான இடத்தில் நின்று, ஓர் அலைவெண்ணில் வாங்கிய குரலை மற்றோர் அலைவெண்ணில் உடனுக்குடன் திருப்பி அனுப்புகிறது.

மலைநாட்டில் மறுபரப்பிக்கு உச்சிகள் உண்டு. படுகையில் அவ்வசதி இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரமுடையது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமான அதனை அளவுகோலாக மட்டுமே கொள்ளலாம். அவ்வளவு உயரத்தில் ஓர் அலைக்கம்பி நின்றாலும் தரையிலுள்ள கைக்கருவியை அது எட்டும் தொலைவு சுமார் 38 கி.மீ.தான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் நேர்கோட்டில் 75 கி.மீ.க்கு மேல், சென்னையோ ஏறத்தாழ 280 கி.மீ. ஆகவே மறுபரப்பி வட்டாரத் தொடர்பைத் தரும். மாநிலத் தலைநகரத் தொடர்பைத் தராது.

2. சிற்றலையின் இயல்பு

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் அலையை ஏறத்தாழச் செங்குத்தாக மேலே செலுத்தினால், அது சில நூறு கி.மீ. சுற்றளவில் இடைவெளியின்றி மழைபோல் இறங்குகிறது. தஞ்சாவூர்–சென்னைத் தொலைவு இவ்வட்டத்துள் அடங்கும். காந்த நிலநடுக்கோடு இந்தியத் தென்முனையை ஒட்டிச் செல்வதால் தமிழகத்தின் மேலுள்ள அயனிமண்டலம் பகலில் செறிவு மிக்கது. பகலில் 7 மெகாஹெர்ட்ஸும் இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸும் பொதுவாகப் பயன்படும். பட்டையை நேரத்துக்கேற்ப மாற்ற வேண்டியிருப்பதால் நிலையத்தை இயக்குபவர் அதனை எந்நேரமும் அணுகக்கூடியவராக இருத்தல் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. சிற்றலைக் கருவிக்குப் பெரிய அலைக்கம்பியும் வலுவான மின்கலமும் தேவை. வெள்ளத்தில் நிற்கும் ஊருக்கு அவற்றைச் சுமந்து செல்வது எளிதன்று. கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, ஆளைக் களத்துக்கு அனுப்புவதே தொலைக்கட்டுப்பாட்டின் நோக்கம். இன்று இணையவழித் தொலைக்கட்டுப்பாடு பரவலாக உள்ளது. ஆனால் எந்த வலையமைப்பு அறுந்தமையால் வானொலி தேவைப்படுகிறதோ, அதே வலையமைப்பைச் சார்ந்த கட்டுப்பாடு பேரிடரில் உதவாது. மறுபரப்பி வழியான கட்டுப்பாடு இச்சார்பை நீக்குகிறது.

3. கட்டுப்படுத்தியின் செயல்பாடு

மறுபரப்பிக் கட்டுப்படுத்தி ஒரு சிறு கணினி. அழைப்புக்குறியை உரிய இடைவெளியில் அறிவித்தல், அளவுகடந்து பேசுவோரைத் துண்டித்தல் ஆகியன அதன் அன்றாடப் பணிகள். இதனுடன் சிற்றலைக் கருவி இரு வழிகளில் இணைக்கப்படுகிறது. ஒலிக்கம்பிகளும் பேசுபொத்தான் இணைப்பும் ஒரு வழி; கருவியின் அலைவெண்ணை மாற்றும் தரவுக்கம்பி மற்றொரு வழி.

களத்திலிருப்பவர் தம் கைக்கருவியின் எண்பொத்தான்களை அழுத்திக் கட்டளையிடுகிறார். ஒவ்வொரு பொத்தானும் இரு தொனிகளை ஒருசேர எழுப்புகிறது. 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ் ஆகிய தாழ்தொனிகளில் ஒன்றும், 1209, 1336, 1477, 1633 ஹெர்ட்ஸ் ஆகிய உயர்தொனிகளில் ஒன்றும் இணைந்து 16 குறிகள் உருவாகின்றன. எடுத்துக்காட்டாக, அலைவெண் மாற்றத்துக்குரிய குறியீட்டை அடுத்து 07050 என அழுத்தினால், கட்டுப்படுத்தி அதனைத் தரவுக் கட்டளையாக்கிக் கருவியை 7050 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுகிறது. மாறிய அலைவெண்ணைச் செயற்கைக் குரலில் திருப்பிச் சொல்கிறது. திரையைக் காண இயலாதவருக்கு இக்குரலே கண். கட்டளைத் தொனிகள் சிற்றலையில் கேட்காதவாறு கட்டுப்படுத்தி அவற்றை அடக்கிவிடுதல் வேண்டும்.

மறுபரப்பி வாங்கும் அலைவெண்ணும் அனுப்பும் அலைவெண்ணும் வேறுவேறாக இருப்பது இங்குப் பெரிதும் உதவுகிறது. இரண்டு மீட்டர் பட்டையில் இவ்விடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். சிற்றலையில் கேட்பதை மறுபரப்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் வாங்கி திறந்திருப்பதால், இயக்குபவர் இடைமறித்துக் கட்டளையிட முடிகிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. சிற்றலைப் பேச்சு ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் நடைபெறுவது. அதில் ஊர்தியலை இல்லாததால், பேச்சு உள்ள நேரத்தையும் இல்லாத நேரத்தையும் கட்டுப்படுத்தி எளிதில் பிரித்தறிய இயலாது. இதனால் இரைச்சலையும் மறுபரப்பி ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். இது காதுக்கு மட்டுமன்றி மின்கலத்துக்கும் சுமையாகும். மறுபரப்பியின் அலைசெலுத்திக்கு 6 ஆம்பியரும் சிற்றலை வாங்கிக்கு 1.5 ஆம்பியரும் எனக் கொண்டால், 100 ஆம்பியர்–மணி ஈயக்கலத்தின் பாதியளவு ஏழு மணி நேரத்துக்குள் தீரும். ஒலிப்பை நிறுத்தி 2 ஆம்பியரில் காத்திருந்தால் அதே கலம் 25 மணி நேரம் தாங்கும். ஆகவே கேட்பொலியைக் கட்டளையால் திறக்கவும் மூடவும் செய்யும் ஏற்பாடு இன்றியமையாதது.

4. பாதுகாப்பும் பொறுப்பும்

தொலைவிலுள்ள அலைசெலுத்தி கட்டுப்பாடிழந்து ஒலித்துக்கொண்டே இருக்குமானால் அவசரச் செய்திகளையே அது மறைத்துவிடும். கட்டுப்பாட்டு இணைப்பு பழுதுற்றால் மூன்று நிமிடங்களுக்கு மேல் ஒலிபரப்பு நீளாதவாறு ஏற்பாடு வேண்டும் என்பது அமெரிக்க விதி. படுகையில் அமையும் நிலையத்துக்கும் இது தக்க அளவுகோல்.

கட்டளைத் தொனிகளை எவரும் கேட்க முடியும் என்பது மற்றொரு சிக்கல். வெவ்வேறு நாடுகளின் அமெச்சூர் நிலையங்களுக்கிடையே பொருளை மறைக்கும் குறியாக்கத்தைப் பன்னாட்டு ஒழுங்குமுறை தடுக்கிறது. செயற்கைக்கோள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு மட்டும் விலக்களிக்கிறது. 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவூர்தியில் சென்ற ஹாம்சாட், அமெச்சூர்களின் குரலை விண்ணிலிருந்து மறுபரப்பிய இந்தியச் செயற்கைக்கோள். அதில் பேசுவோர் பலராயினும் அதன் கட்டுப்பாடு இஸ்ரோவிடமே இருந்தது. பயன்பாட்டையும் கட்டுப்பாட்டையும் பிரிக்கும் அந்நெறி தரைநிலையத்துக்கும் பொருந்தும். அலைவெண் மாற்றம் பயிற்சி பெற்ற பலருக்குத் திறந்திருக்கலாம். நிலையத்தை முழுவதும் நிறுத்தும் கட்டளை, தனி அலைவெண்ணில், உரிமத்துக்குப் பொறுப்பானவரிடமே இருத்தல் வேண்டும். இத்தகைய நிலையத்துக்கு ஒன்றிய அரசின் வானொலி உரிமத் துறையினது முன் இசைவு பெறுதல் முதற்படி.

5. படுகைக்கு ஏற்ற அமைப்பு

இவ்வமைப்பின் இரு பாதிகளும் புயலின்முன் ஒரே நிலையில் இல்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்குரிய அரையலைக் கம்பி ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுடையது. செங்குத்துப் பரவலுக்கு அதனை 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். அது அறுந்தாலும் இரு கம்புகளுக்கிடையே மீண்டும் கட்டிவிடலாம். மறுபரப்பிக்கோ உயரமே உயிர். உயர்ந்த கோபுரம் சாய்ந்தால் சிற்றலைக் கருவி பழுதின்றி இருந்தும் அதனை இயக்க வழியின்றிப் போகும்.

எனவே ஒற்றை உயர்கோபுரத்தைக் காட்டிலும், உறுதியான கட்டடங்களின்மேல் அமையும் சில தாழ்ந்த நிலையங்களே ஏற்றவை. 20 மீட்டர் உயரத்திலிருந்து கைக்கருவியை எட்டும் தொலைவு சுமார் 23 கி.மீ. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மாவட்டத் தலைநகரங்களில் ஒவ்வொன்று அமைந்தால், ஒன்று வீழினும் மற்றவை சிற்றலை வழியே தமக்குள்ளும் சென்னையோடும் பேச இயலும். ஒவ்வொரு நிலையத்திலும் கட்டுப்படுத்தியைத் தவிர்த்துச் சிற்றலைக் கருவியை நேரடியாக இயக்கும் வசதியும் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

மறுபரப்பிக் கட்டுப்படுத்தி வழியான தொலைக்கட்டுப்பாடு, சில கி.மீ. எட்டும் கைக்கருவிக்குச் சில நூறு கி.மீ. எட்டும் ஆற்றலைத் தருகிறது. பொது வலையமைப்பைச் சாராமை அதன் தனிச்சிறப்பு. மின்கலச் சுமை, திறந்த கட்டளைக் குறிகள், உயரத்தை நம்பிய மறுபரப்பி ஆகியன அதன் வரம்புகள். இவற்றுள் முன்னிரண்டும் கட்டுப்படுத்தியை முறைப்படுத்துவதால் தீர்வன. மூன்றாவது, நிலையங்களைப் பரவலாக்குவதால் தீர்வது. கட்டளைகளை மனத்தில் கொண்ட பயிற்சியாளர் இல்லையேல் கருவியால் பயனில்லை. எனவே ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே மின்சாரமும் இணையமுமின்றி ஒத்திகை நடத்துதல் இன்றியமையாதது. படுகையிலுள்ள பொறியியல் கல்லூரிகளும் அமெச்சூர் வானொலியாளரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது.