ஆயாவின் குரல் எங்கே போனது?

மரக்காணம் உப்பளத்தில் எம் மாணவர்கள் எடுத்த காணொலி அது. பாத்தியில் நீர் கட்டுவது முதல் உப்பு வாரிக் குவிப்பது வரை, ஒரு மாணவியின் பாட்டி நான்கு நிமிடங்களில் விளக்கியிருந்தார். கேட்க இனிமையாக இருக்கட்டுமே என்று பின்னணியில் ஒரு திரைப்பாடலைச் சேர்த்து இணையத்தில் ஏற்றினேன். மறுநாளே உரிமை கோரும் அறிவிப்பு வந்தது. பாடல் ஒலித்த பகுதி முழுவதும் ஒலி அணைக்கப்பட்டது. பாடலோடு பாட்டியின் குரலும் போயிற்று. மூலப் பதிவை நான் சேமித்து வைத்திருக்கவில்லை. "சார், எங்க ஆயா பேசவே இல்லையே?" என்று அந்த மாணவி கேட்டாள்.

அந்தக் கேள்விதான், காணொலி உருவாக்கும் ஆசிரியர்களுக்காக 20 நிமிட இணையவழிப் பயிற்சி ஒன்றை வடிவமைக்க என்னைத் தூண்டியது. முதல் வடிவத்தில் சட்டப் பிரிவுகளை வரிசையாகத் தந்தேன். சக ஆசிரியர்கள் படிக்காமலேயே அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். எனவே ஒவ்வோர் அலகையும் ஒரு சூழலில் தொடங்கி, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும்படி மாற்றினேன். விடையளித்த பிறகே விளக்கம் வரும்.

அலகு 1: எது யாருடையது?

கடல்நீர் வெயிலில் ஆவியாகி உப்புப் படியும் செய்முறை எவருக்கும் தனியுரிமை அன்று. அதை விளக்கி ஒருவர் எழுதிய கட்டுரைக்கும், எடுத்த படத்துக்கும், வரைந்த சித்திரத்துக்கும் உரிமை உண்டு. செய்தியை எடுத்துக்கொள்ளலாம், பிறர் அதை வெளிப்படுத்திய வடிவத்தை அப்படியே எடுக்கக்கூடாது.

அலகு 2: பாரதி பாடலைப் பயன்படுத்தலாமா?

பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறி ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்னர் அவற்றை மக்களுக்குப் பொதுவாக்கியது. இதற்கு வழிவகுத்த அரசின் தலைவர், நமக்குப் பக்கத்து ஊரான ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார். ஆனால் பாடல் வரிகள் பொதுவானவை என்பதால் இன்றைய இசைத்தட்டும் பொதுவாகிவிடாது. மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. மாணவர்களே சொந்த மெட்டில் பாடிப் பதிவு செய்தால் சிக்கல் இல்லை. பொதுவாக, எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை நீடிக்கும்.

அலகு 3: வகுப்பறையும் இணையமும் ஒன்றா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் பிறர் படைப்பைப் படியெடுக்க விலக்கு அளிக்கிறது. உலகமே பார்க்கும் தளத்தில் ஏற்றும்போது அந்த விலக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது. "பத்து விநாடி வரை எடுக்கலாம்", "நன்றி என்று போட்டால் போதும்" என்ற பேச்சுகளுக்கும் சட்டத்தில் இடமில்லை.

அலகு 4: ஏற்றுவதற்கு முன்

படம், இசை, குரல் ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பவற்றை, அதன் நிபந்தனையைப் படித்து, படைத்தவர் பெயரோடு பயன்படுத்துங்கள். யூடியூபின் ஒலி நூலகத்திலும் இசை கிடைக்கும். குரலையும் இசையையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமியுங்கள். யூடியூபில் தானியங்கி உரிமைக்கோரல் வேறு, பதிப்புரிமை எச்சரிக்கை வேறு. 90 நாள்களுக்குள் மூன்று எச்சரிக்கைகள் வந்தால் பள்ளியின் சேனலே நீக்கப்படலாம்.

இறுதி வினா ஒன்று உண்டு: "மாணவர் எடுத்த ஒளிப்படம் யாருடையது?" பலரும் "பள்ளியுடையது" என்றே விடையளித்தார்கள். படம் எடுத்த மாணவரே அதன் படைப்பாளி. பெற்றோரின் ஒப்புதலைப் பெற்று, மாணவரின் விருப்பப்படி பெயரையும் போட வேண்டும். பிறர் உரிமையை மதிக்கச் சொல்லும் நாம், நம் குழந்தைகளின் உரிமையை மறந்துவிடுகிறோம்.

மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் உப்பள வேலை தொடங்கியதும் மீண்டும் சென்றோம். பாட்டியிடம் ஒப்புதல் கேட்டுப் பதிவு செய்தோம். இம்முறை பின்னணியில் பாடல் இல்லை. உப்பு வாரும் ஓசை மட்டுமே இருக்கிறது. அவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது.