களனிக் கரையில் ஓர் இளவேனில் தோட்டம்

பெரும்பொழுது ஆறனையும் ஒப்புவிக்கும் மாணவர், சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று தயங்காமற் கூறிவிடுகின்றனர். தமிழகத்துக்கும், ஓரளவில் யாழ்ப்பாணத்துக்கும் அது பொருந்தும். களனி கங்கையின் கரையில் வாழும் நமக்கோ இளவேனிலின் இயல்பே வேறு. சித்திரை நண்பகலில் வெயில் கொளுத்துகிறது. பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டுகிறது. வைகாசியில், நம் ஊரார் சோளகம் என வழங்கும் தென்மேற்குக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்துவிடுகிறது. கொழும்பிலே ஆண்டுக்குச் சராசரி 2400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. மே மாதம் அதில் பெரும்பங்கு பெறும் மாதங்களுள் ஒன்று. ஆகவே, இங்கே வீட்டுத் தோட்டம் செய்பவனுக்கு இது வெள்ளத்தை முந்திக்கொள்ள வேண்டிய காலமாகும்.

வீட்டுத் தோட்டம் ஓய்வூதியம் பெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தோர் பலர், 2022 ஆம் ஆண்டில் அக்கருத்தைக் கைவிட்டனர். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோதும் விளைச்சல் வீழ்ந்தது வீழ்ந்ததுதான். அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணியும் வற்றவே, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஜூனில், அரசாங்க ஊழியர்க்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கி, வீட்டிலே பயிரிடுமாறு அமைச்சரவை கூறிற்று. அவ்வெள்ளிக்கிழமைகளில் எத்தனை பேர் மண்வெட்டி பிடித்தனர் என்பது வேறு கதை. பத்துப் பேர்ச் காணியில் வீடும் கிணறும் போக எஞ்சும் நிலம் அரிசியைத் தராது, பருப்பையும் தராது. ஆயினும் கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தேசிக்காய் ஆகிய நான்குக்கும் கடைக்குச் செல்லும் தேவையை அது பெரிதும் குறைக்கும். மெனிங் சந்தை பேலியகொடைக்கு மாறி நமக்கு அண்மையில் வந்துவிட்ட போதிலும், வாடாத பொன்னாங்காணியை நம் வேலியோரத்திலன்றி வேறெங்கும் நாம் கண்டிலோம்.

நம் வளவில் இப்பொழுது வெண்டி முழங்கால் உயரம் வளர்ந்து பூத்திருக்கிறது. பயற்றை பந்தலின் பாதியை எட்டிவிட்டது. பூசணியோ தன் எல்லையைக் கடந்து அயலார் மதிலையும் பற்றிக்கொண்டது. பூசணி பூக்கிறது, பின்னர் பூவெல்லாம் உதிர்கிறது என்று இல்லத்தரசிகள் கவலைப்படுவதுண்டு. முதலில் பூப்பன பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு போன்ற பருமன் இருக்கும். அது விரிந்த காலையில் மழை தூறினால் தேனீ வராது, மகரந்தமும் நனைந்துவிடும். அத்தகைய நாட்களில் ஆண் பூவொன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொடச் செய்தல் வேண்டும். தாவரவியல் படிக்கும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால், பாடமும் படியும், காயும் கிடைக்கும்.

பாகலுக்கும் புடலைக்கும் பகை பழ ஈ. பிஞ்சின் தோலைத் துளைத்து அது முட்டையிடும். புழு உள்ளிருந்து தின்னும். பிஞ்சைக் கடதாசியாற் சுற்றிவிடுவது எளிய காப்பு. அழுகி வீழ்ந்த காய்களைத் தரையில் விட்டால் புழு மண்ணுட் புகுந்து மறுபடியும் ஈயாக வெளிப்படும். அவற்றைப் பையிலிட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிடுக.

பழமரங்களுள் பப்பாசியின் வரலாறு சுவையானது. பஞ்சு அப்பியதுபோல் இலையின் அடியில் மொய்க்கும் ஒரு வெண்ணிறப் பூச்சி, மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. அது 2008 இல் இலங்கையில் தோன்றிப் பப்பாசி மரங்களைக் கருக்கியது. மருந்தடித்தும் அது எளிதில் அடங்கவில்லை. 2009 இல், அப்பூச்சியின் உடலுள் முட்டையிட்டு அதனை அழிக்கும் நுண்ணிய குளவி இனமொன்றைத் தருவித்து இங்கே பரப்பினர். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அக்குளவி பெருந்தொல்லையைத் தணித்தது. பூச்சியைக் கண்டவுடன் நஞ்சைத் தேடி ஓடுவோர், அந்நஞ்சு குளவியையும் கொல்லும் என்பதை அறிதல் நன்று.

மாமரத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தார் இங்கே பெருமை பேச இடமில்லை. கறுத்தக்கொழும்பானின் பெயரில் கொழும்பு உண்டு. ஆனால் பூக்கும் காலத்தில் அது வறட்சியை வேண்டும். மழை பட்ட பூங்கொத்தைப் பூஞ்சணம் பற்றிக் கருக்கிவிடும். களனிக்குரிய கனி றம்புட்டான். கங்கைக் கரையில் சற்று மேலேயுள்ள மல்வானை அதற்குப் பேர்பெற்ற ஊர். விதையிலிருந்து முளைத்த மரம் ஆணாகிவிட்டால் ஆண்டுதோறும் பூக்கும், காய்க்காது. ஆதலின் ஒட்டுக்கன்றே வாங்குதல் வேண்டும்.

இனி வெள்ளத்துக்கு வருவோம். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளிற் பிறந்து, 145 கிலோமீற்றர் ஓடிக் கடலை அடையும் இக்கங்கை, 2016 மே மாதத்தில் கரை புரண்டு களனி, கொலன்னாவை, கடுவலைப் பகுதிகளை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மறுபடியும் பெருகிற்று. அத்தகைய பெருவெள்ளத்திலிருந்து எத்தோட்டமும் தப்பாது. ஆண்டுதோறும் சில நாள் தேங்கும் நீரிலிருந்து தப்ப வழியுண்டு. பப்பாசியின் வேர் இரண்டு நாள் நீரில் நின்றாலே அழுகும். அதனை மண்மேட்டிலன்றி நடலாகாது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் முக்காலடி உயரப் பாத்தியும், இடையே நீரோடும் வாய்க்காலும் தேவை. தாழ்ந்த மூலையைக் கங்குன் கீரைக்கு விட்டுவிடலாம். அது நீரை விரும்புவது. வெள்ளம் வடிந்தபின், மலசலகூடக் கழிவு கலந்த மண்ணிலே நிற்கும் கீரையைப் பிடுங்கி எறிந்துவிடுக. வல்லாரைச் சம்பல் போலப் பச்சையாக உண்பது சிறிதும் தகாது. எலிக்காய்ச்சற் கிருமி சேற்றில் வாழும். காலிற் புண்ணுடன் வெறுங்காலாய் அதில் இறங்கலாகாது. இறங்கியபின் காய்ச்சல் கண்டால், சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் தவறாது கூறுதல் வேண்டும்.

வெள்ளவத்தை மாடிகளிலும் கொட்டாஞ்சேனை முற்றங்களிலும் சாடிகளில் மிளகாயும் கறிவேப்பிலையும் வளர்க்கும் அன்பர்க்கு வெள்ளப் பயமில்லை. நுளம்புப் பயம் உண்டு. 2017 இல் இந்நாட்டில் 186,000 பேர் வரையில் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். கொழும்பு, கம்பகா மாவட்டங்கள் மிகுதியும் துன்புற்றன. சாடியின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த நீரே அந்நுளம்புக்குத் தொட்டில். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதலான நாட்கள் போதும். ஞாயிறுதோறும் தட்டைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுக. முட்டை நீர் வற்றியபின்னும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிருடன் இருக்கும். ஆதலின் நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. தட்டே இல்லாமல், சாடியைச் செங்கல்மேல் ஏற்றி வைத்துவிடுவது அதனினும் நன்று.

நம் றம்புட்டானில் காய்கள் இப்பொழுது பச்சை மயிர் சிலிர்த்துக் கொத்துக் கொத்தாய் நிற்கின்றன. அவை சிவக்குமுன் வௌவாலுக்கு எதிராக வலை கட்டியாக வேண்டும்.