என் பொண்ணு வந்தா கேப்பா!

பெற்ற தாயை அடித்தவள் நான். இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், என்னைப் போல வீட்டுக்குள்ளேயே புழுங்கிக் கொண்டிருக்கும் சகோதரிகள் நாலு பேருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் பெரம்பலூரில் வசிக்கிறேன். பிறந்த வீடு, அரியலூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா காலமான பின் தனியாக இருந்த அம்மாவை, மூன்று வருஷத்துக்கு முன் என்னோடு அழைத்து வந்து விட்டேன். அம்மாவுக்கு இப்போது 77 வயது. நான் கடைக்குட்டி, அண்ணன்கள் இருவரும் வெளியூரில்.

முதலில் சின்னச் சின்ன மறதிதான். அடுப்பில் பாலை வைத்து விட்டு மறப்பார். சாப்பிட்டுக் கை கழுவியதும், 'இன்னும் சோறு போடலையே...' என்பார். 'வயசானா இப்படித்தான்' என்று விட்டு விட்டோம். பிறகு, பக்கத்து வீட்டில் போய், 'என் மக எனக்கு சோறே போடறதில்லை' என்றார். 'என் காசை எடுத்துட்டே' என்று என் மேலேயே பழி. அரிசி டிரம்முக்குள் கிடந்த சுருக்குப் பையைத் தேடி எடுத்துக் கொடுத்தால், 'நீதானே ஒளிச்சு வச்சே...' என்பார். அழுகையும், ஆத்திரமுமாக வரும்.

ஆனால், பழைய கதை கேட்டால் அசந்து போவீர்கள். 1956 நவம்பரில், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்ததே... அதை, நேற்று நடந்தது போல் சொல்வார். அப்போது அம்மாவுக்கு 8 வயது. பார்த்து விட்டு வந்த தாத்தா, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது, அதற்காக ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டது என, ஒன்று விடாமல் சொல்வார். 'இவ்வளவு ஞாபகம் இருக்கிறவங்களுக்கு மறதி நோயா? எல்லாம் நடிப்பு...' என்றனர் உறவினர்கள். நானும் நம்பினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

பொழுது சாய்ந்தால், 'ஊருக்குப் போகணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்' என்று வாசலுக்கும், அறைக்கும் நடப்பார். ஒருநாள் மாலை, ஆளையே காணோம். தெருத்தெருவாய் அலைந்து, கடைசியில் பஸ் ஸ்டாண்டில், அரியலூர் பஸ் பக்கத்தில் கண்டுபிடித்தோம். புண்ணியவான் ஒரு கண்டக்டர், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்.

அன்றிரவு, அப்போதுதான் மாற்றிய படுக்கையை மறுபடியும் நனைத்து விட்டார். மூன்று நாளாகத் தூங்காத நான், என்னை மறந்து தோளில் ஓங்கி ஒரு அடி வைத்து விட்டேன். அம்மா, சுவரோரம் ஒடுங்கிப் போய், 'அடிக்காதீங்கம்மா... என் பொண்ணு பெரம்பலூர்ல இருக்கா. அவ வந்தா உங்களைக் கேப்பா!' என்றார்.

அந்தப் பொண்ணே நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. விடிய விடிய அழுதேன்.

மறுநாளே, என் கணவர், அம்மாவோடு என்னையும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வருமாம். அவற்றை குணப்படுத்த முடியும் என்பதால், முதலில் அதையெல்லாம் பரிசோதித்தனர். பிறகுதான், 'அல்சைமர்' என்றார் டாக்டரம்மா. 'குதிருக்கு அடியில கிடக்கிற பழைய நெல்லு அப்படியே இருக்கும். புதுசா மேல கொட்டறதுதான் தங்காது. இது நடிப்பு இல்லை, மூளையில வர்ற நோய்' என்று புரிய வைத்தார். முழுக்க குணமாக்க மருந்து இல்லை. மாத்திரை, சிலருக்குக் கொஞ்ச காலம் கை கொடுக்கும் என்றார்.

ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், 1906லேயே எடுத்துச் சொன்ன நோய் இது. நம் நாட்டில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்கிறது, 2023ல் வெளியான ஆய்வு. அத்தனை வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி அழுது கொண்டிருப்பாளே!

இப்போது நான் அம்மாவோடு வாதாடுவதில்லை. 'மாடு எங்கே?' என்றால், 'அண்ணன் கட்டிட்டாரும்மா, நீ காபி குடி' என்கிறேன். அந்தி மயங்கும் நேரத்தில்தான் குழப்பம் கூடும் என்பதால், இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டு விடுகிறேன். எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. முறத்தில் கொஞ்சம் கொடுத்தால், ஒரு மணி நேரம் நிம்மதியாக உரிப்பார். கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள். சுருக்குப் பைக்குள் எங்கள் போன் நம்பர். மருந்துக் கடையில் கேட்டு, தூக்க மாத்திரை மட்டும் கொடுத்து விடாதீர்கள். தடுமாறி விழுந்து விடுவர். திடீரென்று குழப்பம் அதிகமானால், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவைக் கவனித்தால் மட்டும் போதாது, 'நீங்க படுத்துட்டா அவங்களை யார் பாப்பா?' என்று டாக்டரம்மா கேட்டது, மனதில் தைத்தது. அண்ணன்கள் போன் செய்யும் போதெல்லாம், 'நீ தெய்வம்மா...' என்பர். ஒருநாள், 'எனக்கு தெய்வப் பட்டமெல்லாம் வேணாம்ண்ணா. மாசத்துல நாலு நாள் வந்து அம்மாவைப் பாத்துக்கங்க' என்று சொல்லியே விட்டேன். முதல்முறை வந்த பெரியண்ணன், ராத்திரி 2:00 மணிக்கு என்னை எழுப்பி, 'எப்படிம்மா தனியா தாங்கினே?' என்று கண் கலங்கினார். இப்போது இரண்டு அண்ணன்களும் மாற்றி மாற்றி வருகின்றனர். அந்த நாலு நாளும் நான் நன்றாகத் தூங்குகிறேன். முதலில் குற்ற உணர்வாக இருந்தது, இப்போது இல்லை.

மனசு ரொம்ப பாரமாகும் நாளில் பேச, அரசின் இலவச மனநல உதவி எண், 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். முதியோர் தொடர்பான உதவிக்கு, 14567. குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

சகோதரிகளே... உங்கள் தெருவில், உறவில், இப்படி ஒருத்தி இருந்தால், 'வயசானவங்களை நல்லா பாத்துக்க' என்று புத்தி சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம், அந்தப் பெரியவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து, அவளைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்கள்.

என் அம்மா, அந்தப் பெரம்பலூர் பொண்ணு வருவாள் என்று இன்னமும் எதிர்பார்க்கிறார். அவள் வந்து விட்டாள் என்பது, அம்மாவுக்குத் தெரியாவிட்டாலும், எனக்குத் தெரிந்தால் போதும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பலூர்.